வீங்கிய பாதங்கள்

கருவுற்ற பெண்ணின் கால் வீங்குவது உலகத்து இயல்பு என்று நாமும் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கையின் விலை இன்னதென்று அறிவதற்கு ஓர் உயிர் போகவேண்டியிருந்தது. அதனை இங்கு எழுதுவது பிறர் இரக்கத்தை வேண்டியன்று. ஆசிரியத் தொழிலில் இருப்போரும், நாளை அத்தொழிலுக்கு வரவிருக்கும் மாணவரும், நாம் செய்த தவற்றைத் தாமும் செய்யாதிருத்தல் வேண்டும் என்பதற்காகவே எழுதுகின்றோம்.

1979ஆம் ஆண்டு நாம் மலைநாட்டுத் தோட்டமொன்றின் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தோம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்று வந்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்றுச் சென்ற எமக்கு லயத்தின் கோடியில் ஓர் அறை கிடைத்தது. நடுவே ஒரு பலகைச் சுவர். அதற்கு அப்பால் கொழுந்து பறிக்கும் குடும்பம் ஒன்று. மாமியார், மகன், மணமாகி ஓராண்டு கழிந்த மருமகள். இருபத்தொரு வயது நிரம்பாத அந்தப் பெண்தான் காலையில் எமக்குத் தேநீர் வைத்துத் தருவாள். எம்மை அவள் ‘மாஸ்டர்’ என்பாள்; நாம் அவளைத் ‘தங்கச்சி’ என்போம்.

ஏழாம் மாதத்திலே அவளுடைய பாதங்கள் வீங்கின. மலைச்சரிவில் நாள் முழுவதும் நிற்பவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று எண்ணினோம். கொழுந்தின் நிறை குறைந்தால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஆதலின் பிரட்டுக்களத்துக்கு அவள் ஒருநாளும் பிந்தியதில்லை. எட்டாம் மாதத்தில் வீக்கம் கைகளிலும் ஏறிற்று. வளையல்களைச் சவர்க்காரம் பூசித்தான் கழற்ற முடிந்தது. “தலைச்சன் புள்ளைக்காரிக்கு இப்படித்தான் நீர் இறங்கும், மாஸ்டர். புள்ள பொறந்தா தானா வடிஞ்சிடும்” என்றாள் மாமியார். நீர் இறங்குகிறது என்பதனால் மருமகள் குடிக்கும் தண்ணீரைக் குறைத்தாள். கஞ்சியில் உப்பையும் குறைத்தாள். அவளுடைய அன்பில் எமக்கு ஐயமில்லை. தான் அறிந்த வைத்தியத்தை அவள் செய்தாள். நாமும் தலையசைத்தோம்.

ஒருநாள் காலை தேநீர்க் கோப்பையுடன் வந்தவளின் இமைகள் தடித்திருந்தன, முகம் ஊதியிருந்தது. இரவெல்லாம் அழுதிருக்கிறாள் என்று முடிவு செய்தோம். அவள் கணவன் சம்பள நாளில் தவறணைக்குப் போவதுண்டு. அவனைத் தனியே அழைத்துக் கண்டித்தோம். அவன் திகைத்தான், தான் அவளை ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தான். நாம் நம்பவில்லை. சுரண்டலையும் குடியையும் பற்றிப் பல நூல்கள் படித்திருந்த எமது கண்களுக்கு அந்த முகத்தில் கண்ணீரே தெரிந்தது, நோய் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, “மாஸ்டர், தலை இடிக்குது. கண்ணு முன்னால மின்மினி பறக்கிற மாதிரி இருக்குது” என்று வந்து நின்றாள். மேசை லாச்சியிலிருந்து இரண்டு தலையிடிக் குளிசைகளை எடுத்துக் கொடுத்தோம். வெயிலில் நிற்காதே என்று புத்தியும் சொன்னோம்.

அடுத்த வாரம் வலி கண்டது. தோட்டத்து லொறியில் பதினொரு மைல் தொலைவிலிருந்த வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே தாயும் சேயும் லயத்துக்குத் திரும்பினர். அவள் கையில் கொண்டுவந்த துண்டில் குழந்தையின் நிறை மாத்திரம் எழுதப்பட்டிருந்தது. தாயைப்பற்றி ஓர் எழுத்தும் இல்லை. வீட்டுக்கு வீடு சீனி வழங்கினார்கள். “பெத்துப் பொழைச்சிட்டா, இனி என்ன பயம்?” என்றாள் லயத்திலே மூத்த கிழவி. எமக்கும் அவ்வாறே தோன்றிற்று.

மூன்றாம் நாள் இரவு பலகைச் சுவருக்கு அப்பால் இடைவிடாத இருமல் கேட்டது. விளக்குடன் சென்று பார்த்தோம். அவளாற் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தால் மாத்திரம் சிறிது மூச்சு வந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மூச்சோடு நுரை வந்தது. “தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு” என்றாள். அவள் பேசி நாம் கேட்ட கடைசி வார்த்தை அதுவே. லொறி வருவதற்குப் பொழுது விடியவேண்டியிருந்தது. அவள் அதுவரை இருக்கவில்லை.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, வைத்தியராயிருந்த பாலிய நண்பர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் நாம் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, ஒரே கேள்வி கேட்டார். “சிறுநீரைச் சோதித்தார்களா? ஒரு கரண்டியில் எடுத்து விளக்கிலே பிடித்திருந்தாலே வெள்ளையாய்த் திரண்டிருக்குமே.”

நாம் பேச்சிழந்தோம். ஏனெனில், எமது பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லாவிடினும் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதனுள் நான்கு சோதனைக் குழாய்களும் ஒரு மதுசார விளக்கும் இருந்தன. ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புக்கு முட்டை வெண்கருவை நீரிற் கலந்து, குழாயிலிட்டுச் சூடாக்கி, அது வெள்ளையாய்த் திரள்வதைக் காட்டி, ‘இதுவே புரதம், இதன் பெயர் அல்புமின்’ என்று படிப்பித்து வந்தோம். அதே அல்புமின்தான் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்த பெண்ணின் குருதியிலிருந்து சிறுநீர் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. அறிவு எம்மிடம் இருந்தது; கருவியும் இருந்தது. இரண்டையும் அந்த லயத்தின் வாழ்வோடு பொருத்திப் பார்க்கும் எண்ணமே எமக்கு உண்டாகவில்லை.

இதற்குப் பின்னரே இந்நோயைப்பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினோம். உடல் வீக்கத்தோடு சிறுநீரில் அல்புமின் காணப்படும் நோயாளரின் சிறுநீரகம் பழுதுற்றிருப்பதை லண்டனில் றிச்சட் பிறைற் என்னும் வைத்தியர் 1827இல் எழுதினார். பிரசவ வலிப்புக் கண்ட பெண்களின் சிறுநீரிலும் அல்புமின் உண்டென 1843இல் ஜோன் லீவர் காட்டினார். இவையெல்லாம் ஆங்கிலம் படித்தோர்க்கே கிட்டிய செய்திகள் என்று நாம் சாக்குச் சொல்லவும் முடியாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைப் படிப்பித்தார். மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூல் ‘பிரசவ வைத்தியம்’ என்ற பெயரில் 1857இல் தமிழாயிற்று. நூறாண்டுக்கு மேலாகத் தமிழில் மகப்பேற்று மருத்துவ நூல் உண்டு. அந்த அறிவு யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற ஆசிரியனுக்கும் எட்டவில்லை; கொழுந்து பறித்தவளுக்கு எப்படி எட்டும்?

நண்பர் எமக்கு விளக்கியதையும், பின்னர் வந்த ஆராய்ச்சிகள் அதனோடு சேர்த்ததையும் இயன்றவரை எளிமையாகச் சொல்கின்றோம்.

குருதி செல்லும் குழாய்களுள் மிக நுண்ணியவை மயிர்க்குழாய்கள். அவற்றின் சுவர் ஒரே ஒரு கலத்தின் தடிப்புடையது. உள்ளே ஓடும் குருதியின் அமுக்கம் நீரை வெளியே தள்ளுகிறது. குருதியிலுள்ள புரதங்கள், சிறப்பாக அல்புமின், நீரை உள்ளே பிடித்து வைக்கின்றன. இந்த இழுபறியின் கணக்கை 1896இல் ஏர்ணஸ்ற் ஸ்ராலிங் எடுத்துரைத்தார். சுவர் உறுதியாகவும் புரதம் போதியதாகவும் இருந்தால், கசியும் சிறிதளவு நீரை நிணநீர்க் குழாய்கள் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். தள்ளும் அமுக்கம் கூடினாலும், பிடிக்கும் புரதம் குறைந்தாலும், சுவரே இளகினாலும் நீர் இழையங்களிலே தேங்கும். பிரசவத்தை ஒட்டி வரும் வீக்கங்கள் யாவற்றையும் இந்த மூன்று வாயில்களால் விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது, இயல்பான வீக்கம். கர்ப்பகாலத்தில் குருதியின் திரவப் பகுதி நூற்றுக்கு நாற்பது ஐம்பது பங்கு பெருகுகிறது. உடலில் மொத்தம் ஆறு முதல் எட்டு லீற்றர் வரை நீர் சேர்கிறது. நீர் பெருகுவதால் அல்புமினின் செறிவு குறைகிறது. வளரும் கருப்பை, கால்களிலிருந்து திரும்பும் பெருநாளத்தை அழுத்துகிறது. மாலையில் கணுக்கால் வீங்கி, இரவு படுத்தெழுந்தால் வடிந்துவிடும் இவ்வீக்கம் மிகப் பல தாய்மாருக்கு உண்டாவது, அஞ்சத்தக்கதன்று. அந்த மாமியார் சொன்னது முழுப் பொய்யன்று என்பதும், அதனாலேயே அது ஆபத்தாயிற்று என்பதும் இங்கே கவனிக்கத்தக்கன.

இரண்டாவது, பசியின் வீக்கம். உணவிற் புரதமும் இரும்பும் பற்றாக்குறையாகிக் குருதி மிக வெளிறினால், இதயம் தன் வலுவுக்கு மேல் உழைத்துச் சோர்கிறது; நீர் பின்தேங்குகிறது. தீட்டிய வெள்ளரிசியையே உண்டு வாழ்வோருக்குத் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்து பெரிபெரி நோய் வருவதும், அதனால் இதயம் தளர்ந்து உடல் வீங்குவதும் உண்டு. நெல்லைப் புழுக்கி எடுத்தால் அச்சத்தின் பெரும்பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளின் கொடிய இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர், மலிவான மதுவச் சாறாகிய மார்மைற்றைக் கொடுத்தாலே அவர்கள் தேறுவதை 1931இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் மறைந்திருந்தது போலிக் அமிலம் என்பது பிற்பாடு தெரிந்தது. இந்த வகை வீக்கத்துக்கு மருந்து பெரும்பாலும் அடுப்படியிலும் சம்பளப் பட்டியலிலும் இருக்கிறது.

மூன்றாவதே எமது தங்கச்சியைக் கொன்றது. தமிழில் இதனைக் கர்ப்பகால முன்வலிப்பு நிலை என்கின்றனர். இருபதாம் வாரத்துக்குப் பின்னர் குருதியமுக்கம் 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டி, சிறுநீரிற் புரதமும் காணப்படுவது இதன் பொதுவான அடையாளம். நூறு கர்ப்பங்களுள் இரண்டு முதல் எட்டு வரை இதற்கு ஆளாகின்றன. இதன் வேர் சூல்வித்தகத்தில், அதாவது நச்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பையின் சுருள்நாடிகள் கர்ப்பத்தின் முற்பகுதியில் அகன்று, சூல்வித்தகத்துக்குத் தாராளமாகக் குருதி கொடுக்கவேண்டும். அவை போதிய அளவு அகலாவிடில் சூல்வித்தகம் குருதிப் பஞ்சத்தில் வாடுகிறது. வாடிய சூல்வித்தகம் தாயின் குருதியிலே சில பொருள்களை மிகையாகக் கலக்கிறது. அவற்றுள் ஒன்று, குருதிக் குழாய்ச் சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்து முடக்குவது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த ஆனந்த் கருமாஞ்சியும் அவருடைய குழுவினரும், இப்பொருளை எலிகளின் உடலில் மிகுவித்தபோது அவற்றுக்கும் குருதியமுக்கம் ஏறிச் சிறுநீரிற் புரதம் ஒழுகியதை 2003இல் வெளியிட்டனர்.

பேணுவாரற்ற சுவர் இளகுகிறது. மயிர்க்குழாய்கள் கசிகின்றன, சிறுநீரகத்தின் வடிகட்டி அல்புமினைத் தவறவிடுகிறது, பிடித்து வைக்கும் புரதம் குறைய மேலும் நீர் கசிகிறது. வரம்பு உடைந்த வாய்க்காலைத் தோட்டஞ் செய்வோர் அறிவார்கள். வழியெல்லாம் வெள்ளம், கடைசிப் பாத்தியிலோ பயிர் வாடும். இந்நோயாளியின் உடலும் அவ்வாறே. வெளியே முகமும் கையும் நீரால் ஊதியிருக்க, குழாய்களுக்குள்ளே குருதி வற்றித் தடித்திருக்கும். ஆகையால் தண்ணீரைக் குறைத்ததும் உப்பைக் குறைத்ததும் அவளைக் காக்கவில்லை. லயத்து மாமியாரை மட்டும் இதற்காகக் குறை கூறலாகாது. 1950களிலும் 1960களிலும் மேல்நாட்டு வைத்தியர்களே கர்ப்பிணிகளின் வீக்கத்துக்கு உப்பைத் தடுத்தும், சிறுநீரைப் பெருக்கும் குளிசைகளைக் கொடுத்தும் வந்தார்கள். உடைந்தது வரம்பு என்பதை உணராமல் நீரோடு போராடிய காலம் அது. இன்று வீக்கம் மாத்திரம் இந்நோயின் அளவுகோலாகக் கொள்ளப்படுவதில்லை. சுகதேகியான பெண்ணுக்கும் வீக்கம் வரும், வீக்கமே இல்லாமலும் இந்நோய் வரும். அளக்கவேண்டியது அமுக்கம், சோதிக்கவேண்டியது சிறுநீர்.

பிள்ளை பிறந்ததும் ஆபத்து நீங்கிற்று என்ற எண்ணம் எமது இரண்டாவது அறியாமை. நச்சுக்கொடி வெளியேறுவதோடு நோயின் வேர் நீங்குகிறது என்பது மெய்யே. ஆனால் இளகிய சுவர் உடனே இறுகிவிடுவதில்லை. கருப்பை சுருங்கும்போது அதிலிருந்த குருதி பொதுச் சுற்றோட்டத்துக்குத் திரும்புகிறது. இழையங்களிலே தேங்கிய நீரும் அடுத்த சில நாள்களில் குழாய்களுக்குள் மீள்கிறது. ஆதலின் குருதியமுக்கம் பிரசவத்தின் பின் மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரையிலேயே உச்சமடைவதுண்டு. சிறுநீரகம் அந்த நீரை வெளியேற்றத் தாமதித்தால், அது சுவாசப்பையின் இளகிய மயிர்க்குழாய்கள் வழியே காற்றறைகளில் நிறைகிறது. தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருக்கிறது என்று அவள் சொன்னது உவமையன்று.

நான்காவது வாயில் ஒன்றும் உண்டு. அது வைத்தியத்தினாலே வருவது. நரம்பில் ஏற்றும் சேலைனை அளவின்றி ஏற்றினால், கசியும் குழாய் அதனைச் சுவாசப்பையிற் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிரசவ வலியைத் தூண்டும் ஒக்சிற்றோசின் மருந்தைப் பெருமளவு நீரோடு நெடுநேரம் செலுத்தினால், அது சிறுநீரைத் தடுத்து உடலை நீரால் நிரப்பிவிடும். எனவே கடும் முன்வலிப்பு நிலையில் மணிக்கு ஏறத்தாழ 80 மில்லிலீற்றர் என்ற கணக்கில் நீரை மட்டுப்படுத்துகிறார்கள். வீட்டில் மாமியார் தண்ணீரைக் குறைத்தது பிழை, வைத்தியசாலையில் தாதி சேலைனைக் குறைப்பது சரி என்றால் முரணாகத் தோன்றும். முரணில்லை. முன்னையது நோயை அறியாமல் செய்தது. பின்னையது உட்செல்லும் நீரையும் வெளிவரும் நீரையும் அளந்து செய்வது.

இவற்றைப் படித்தபோது எமது மனத்திலிருந்த ஒரு கொள்கையையும் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் இறந்த புதிதில் நாம் நண்பர்களிடம், “வறுமை கொன்றது, தோட்ட நிருவாகம் கொன்றது” என்றே பேசினோம். அந்தப் பேச்சில் கோபம் இருந்தது, நியாயமும் இருந்தது. ஆனால் அது முழு உண்மையன்று. சூல்வித்தகத்தின் இப்பழுது பங்களாவில் வாழும் பெண்ணுக்கும் வருகிறது. முதற் கர்ப்பம், இரட்டைக் கரு, முன்னரே உள்ள குருதியமுக்கம், நீரிழிவு, சிறுநீரக நோய், தாய்க்கோ சகோதரிக்கோ இது வந்திருத்தல் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. சம்பளம் உயர்ந்தால் மட்டும் இது ஒழிந்துவிடாது. நோய் வரும்போது வர்க்கம் பார்ப்பதில்லை. ஆனால் அது சாவாக முடியுமா, முடியாதா என்பதை வர்க்கமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பங்களாப் பெண்ணின் கையில் குருதியமுக்கக் கருவி ஆறு முறை கட்டப்பட்டிருக்கும். லயத்துப் பெண்ணின் கையில் கொழுந்துக் கூடையின் கயிறு மட்டுமே கட்டியிருந்தது. எதிரியைப் பிழையாக அடையாளம் கண்டால், கோபம் எவ்வளவு நேர்மையானதாயினும் ஓர் உயிரையும் காக்காது. அவள் கணவனைக் கண்டித்த அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் இது எமக்கு உறைக்கிறது.

இதற்குச் சான்று இந்நாட்டு வரலாற்றிலேயே உண்டு. 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950ஆம் ஆண்டளவில் அது 600 என்ற அளவுக்கு இறங்கிற்று. இந்த நூற்றாண்டில் 30 முதல் 40 வரையிலான எண்ணிக்கைக்கு வந்துவிட்டது. இலங்கை அந்நாட்களில் செல்வ நாடாகி விடவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாக நடந்து சென்ற மருத்துவமாதரும், கட்டணமில்லாத வைத்தியசாலைகளும், எழுதப் படிக்கக் கற்ற பெண்களும், 1931 முதல் அப்பெண்களின் கையிலும் இருந்த வாக்குரிமையும் செய்த வேலை அது. ஆனால் தோட்டங்களின் சுகாதாரம் நெடுங்காலம் அந்த வலைக்கு வெளியே, நிருவாகங்களின் பொறுப்பிலே விடப்பட்டிருந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் மகளுக்கு, வலையை விரித்துத் தாருங்கள் என்று கேட்க வாக்கும் இருக்கவில்லை.

அந்தக் குழந்தையைப்பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. பாட்டியின் கையில் வளர்ந்தாள். தாயை விழுங்கிப் பிறந்தவள் என்று லயத்திலே சிலர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாள். 1992இல் எட்டாம் வகுப்பில், இரண்டாம் வரிசையில், எம் முன்னே உட்கார்ந்திருந்தாள். அன்று முட்டை வெண்கருப் பரிசோதனை. குழாயில் வெண்மை திரண்டதும், “மாஸ்டர், இது நம்ம உடம்புலயும் இருக்குமா?” என்று கேட்டவள் அவளே.

இருக்கும், குருதியில் இருக்கும், சிறுநீரில் இருக்கலாகாது என்று பதில் சொன்னோம். பாடத்தை அத்தோடு நிறுத்திக்கொள்ள மனம் துடித்தது. பதின்மூன்று ஆண்டுகளாக நிறுத்திக்கொண்டே வந்திருந்தோம். அன்று வகுப்பு முடிந்தபின் அவளையும் பாட்டியையும் இருத்தி, இமை தடித்திருந்த காலையையும், தலையிடிக் குளிசையையும், மூன்றாம் நாள் இரவையும் ஒளிக்காமல் சொன்னோம். அது பிறந்த குழந்தையின் குற்றமன்று, பெற்றவளின் குற்றமுமன்று என்றோம். பாட்டி நெடுநேரம் பேசாதிருந்து, “அப்ப அவ அழுகலையா, மாஸ்டர்? என் மகன் பாவத்தைச் சுமந்தானே” என்றாள். சிறுமி அழவில்லை. “எனக்கும் வருமா?” என்று மட்டும் கேட்டாள். வரவேண்டும் என்பதில்லை, ஆனால் உனக்குக் குழந்தை உண்டாகும்போது மருத்துவமாதிடம் முதல் நாளே இதனைச் சொல்லவேண்டும் என்றோம்.

அவள் மறக்கவில்லை. 2004இல் வேறொரு தோட்டத்தில் முதற் கர்ப்பம் உற்றபோது, முதற் சந்திப்பிலேயே மருத்துவமாதிடம் தாயின் கதையைச் சொன்னாள். அப்பெண் அதனை அட்டையில் எழுதிக்கொண்டு, இவளுக்காக மாத்திரம் வாரந்தோறும் லயத்துக்கு மலையேறி வந்தாள். முப்பத்துநான்காம் வாரத்தில் அமுக்கம் 150க்கு 100 ஆயிற்று. சிறுநீரிற் புரதம் கண்டது. அன்று மாலையே பெரிய வைத்தியசாலையிற் சேர்த்தார்கள். நிலைமை கடுமையானபோது வலிப்பு வராமல் மக்னீசியம் சல்பேற்று ஏற்றினார்கள். அது மலிவான ஓர் உப்பு. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று, அது வலிப்பின் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பதை 2002இல் நிறுவியிருந்தது. சேலைனை அளந்து ஏற்றினார்கள்; சிறுநீரை அளந்து குறித்தார்கள். பிள்ளை பிறந்த பின்னும் ஆறு நாள் வீட்டுக்கு விடவில்லை. ‘மூணாம் நாள் ராத்திரி நான் தூங்கவே இல்லை, மாஸ்டர். விடிஞ்சதும்தான் அம்மாவை நினைச்சு அழுதேன்’ என்று எமக்கு எழுதியிருந்தாள்.

ஒருத்தி பிழைத்த கதையினால் கணக்குத் தீர்ந்துவிட்டதென்று நாம் மகிழவில்லை. உலகத்தில் மகப்பேற்றை ஒட்டி இறக்கும் தாய்மாருள் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இந்த அமுக்க நோய்களாலேயே இறக்கின்றனர் என்று கணக்கிட்டுள்ளார்கள். அவர்களுட் பெரும்பாலோர் ஏழை நாடுகளின் பெண்கள். கருவியும் மருந்தும் விலை குறைந்தவை. குறைவாயிருப்பது அவற்றை உரிய வேளையில் உரிய வாசலுக்குக் கொண்டு செல்லும் ஏற்பாடும், கேட்டுப் பெறும் அறிவும் ஆகும். முன்னையதற்குப் போராடவேண்டும். பின்னையது ஆசிரியரின் கையில் இருக்கிறது.

ஆதலின் ஆசிரியத் தோழர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். புரதப் பரிசோதனையைக் காட்டும் நாளில், பரீட்சைக்கு வேண்டியதைச் சொல்லி முடித்தபின், இன்னும் இரண்டு நிமிடம் பேசுங்கள். கர்ப்பிணியின் முகமும் கையும் திடீரென வீங்கினால், தலையிடி தீராதிருந்தால், கண்முன் ஒளிப்பொறி பறந்தால், வலப்பக்க விலாவின் கீழ் நோவு கண்டால், மூச்சு முட்டினால், அன்றே அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழியும்வரை இவ்வெச்சரிக்கை பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுள் யாரோ ஒருவரின் வீட்டில், பலகைச் சுவருக்கு அப்பால், இமை தடித்த ஒருத்தி தேநீர் வைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

1992 முதல் ஓய்வு பெறும்வரை நாம் அந்தப் பாடத்தை அவ்வாறே படிப்பித்தோம். அதற்கு முந்திய ஆண்டுகளில் எம்மிடம் பயின்ற பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லவில்லை. அவர்களுள் எத்தனை பேர் இப்போது தாய்மார், எத்தனை பேர் தாய்மாரின் கணவர் என்பதை நாம் அறியோம். இக்கட்டுரை அவர்களுக்கும் உரியது.